கூட வந்தவர்

சலேத் மேரிக்குப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பேசவேண்டிய அவசியம் அவளுக்கு அதிகம் வந்ததில்லை, அவ்வளவுதான். தூத்துக்குடிக்கு வெளியே, கடல்மேல் கட்டிய மிதவைத் துறைமுகத்தில், நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பதினாலு வருஷம் கிரேன் ஓட்டியவள் அவள். அங்கிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே கேட்காது. வாக்கிடாக்கி உண்டுதான், காற்றடிக்கிற நாளில் அதில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வராது. கீழே நிற்கும் ஆள் கையை உயர்த்திச் சுழற்றினால் ஏற்ற வேண்டும், தாழ்த்திச் சுழற்றினால் இறக்க வேண்டும், முஷ்டியை மடக்கிக் காட்டினால் அப்படியே நிறுத்த வேண்டும். மேலேயிருந்து இவள் கட்டைவிரலைக் காட்டினால் சரி என்று அர்த்தம்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றவா என்று கேட்டால் முஷ்டியைக் காட்டுவாள். பெண் பார்க்க வந்தவர்களையும் கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்டித்தான் அனுப்பினாள் என்று தெருவில் ஒரு கதை உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை.

அண்ணன் ததேயுஸ் நேர்மாறு. பேக்கரியில் அடுப்படி மேஸ்திரி. முந்திரியையும் முட்டை வெள்ளையையும் அடித்து அவர் சுட்டெடுக்கும் மக்ரூன் வாயில் போட்டதும் கரைந்துவிடும். அவர் பேச்சு மட்டும் கரையாது. சலேத்துக்குப் பதினொரு வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, பத்தொன்பது வயதில் அவர்தான் அவளைத் தூக்கி வளர்த்தார். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், பிறகு துறைமுக வேலைக்கான நேர்காணலின் வாசலில், எங்கும் அவளுக்கும் சேர்த்து அவரே பேசினார். அவளுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். போன வருஷம் ஆடிக்காற்றில் சலேத்தின் கிரேனில் தொங்கிய சரக்குப் பெட்டகம் ஒன்று சுழன்று, கீழே நின்ற குமரேசனின் காலை நசுக்கிவிட்டது. காற்றளக்கும் கருவி பழுது, ஓட்டியவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். குமரேசனும் இரண்டு மாதத்தில் விந்தி விந்தி வேலைக்கு வந்து, அக்காவைக் கேட்டதாகச் சொல்லியனுப்பினார். ஆனால் சலேத்தால் ஏணி ஏற முடியவில்லை. மூன்றாவது படியில் கை இறுகிவிடும். மூச்சு நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே நின்றுகொள்ளும். யாரும் சொல்லாமல் அவளே மனநல நிலையத்துக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கினாள். கூடவே அண்ணனும் வந்தார்.

நிலையத்தில் காதுப்பெட்டி வந்து நாலு வருஷமாகியிருந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம். மக்கள் வைத்த பெயர்தான் நின்றது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. எப்படிச் சொல்கிறீர்கள், எந்த வார்த்தைக்கு முன்னால் தயங்குகிறீர்கள், மூச்சு எங்கே இழுபடுகிறது என்று கவனித்து, கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண்ணைத் துண்டுச் சீட்டில் துப்பும். அந்த எண்ணுக்குப் பாரம் என்று பெயர். 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சிரித்துக்கொண்டே சொன்ன எத்தனையோ பேரை அது பிடித்துக் கொடுத்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் அதற்கு ஊரில் நல்ல மரியாதை. மரியாதை அதிகமானால் என்ன ஆகும்? மனுஷர்கள் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். முன்பு ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட ஆலோசகருக்கு இப்போது ஆளுக்கு ஆறு நிமிஷம். டாக்டருக்கு மூன்று.

சட்டமும் வந்தது. நெருப்பு, உயரம், சக்கரம் மூன்றோடும் புழங்குகிறவர்களின் பாரம் பரிசோதனையில் அறுபதைத் தாண்டினால் வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும். திரும்பிப் போக நாற்பதுக்குக் கீழே வந்தாக வேண்டும்.

சலேத் தேறிவிட்டாள். இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆலோசகர் ஜுலைஹா சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை ஒருநாள் விடாமல் செய்தாள். முதலில் வீட்டு மாடி, பிறகு தண்ணீர்த் தொட்டி, ஈஸ்டருக்குள் கோயில் மணிக்கூண்டின் உச்சி வரைக்கும் ஏறி, அங்கே நின்று கடலைப் பார்த்துவிட்டு இறங்கினாள். கை நடுங்கவில்லை. பெட்டி மட்டும் அவளை விடுவதாக இல்லை. முதல் மாதம் எழுபத்தாறு, அடுத்து எழுபத்தெட்டு, அக்டோபரில் எண்பத்திரண்டு. எண்ணைப் பார்த்து டாக்டர் வைகுண்டபதி மாத்திரையை இரண்டு தடவை கூட்டினார். வாய் உலர்ந்து, பகலெல்லாம் கண் சொக்கியதுதான் மிச்சம்.

பதினோராவது மாதம் வழக்கம்போலப் போனார்கள். வாசலில் வழக்கம்போல முதல் கேள்வி, கூட வந்தது யாரு? துணையில்லாமல் வந்தால் சீட்டே கிடையாது. உள்ளே மேஜைக்கு எதிரில் பெட்டியைப் பார்த்தபடி கை வைத்த நாற்காலி ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்டூல். அண்ணன் நிற்கத் தங்கை நாற்காலியில் உட்காருவது எந்த ஊர் வழக்கம்? ததேயுஸ் நாற்காலியிலும் சலேத் ஸ்டூலிலும் உட்கார்ந்தார்கள். பதினோரு மாதமாக அப்படித்தான்.

தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டார். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டதால், சலேத் கட்டைவிரலைக் காட்டியது அவர் கண்ணில் படவில்லை.

“எங்கிட்டு டாக்டர் தூங்குதா?” என்றார் ததேயுஸ். “ராத்திரி மூணு மணிக்கு இவ ரூம்பு லைட்டு எரியுது. பாத்தா முழிச்சு உக்காந்திருக்கா. பாக்கவே பாவமா இருக்கு.”

சலேத் மூன்று மணிக்கு எழுந்ததென்னவோ உண்மை. மாத்திரையால் வாய் உலர்ந்து தண்ணீர் குடிக்க எழுந்தாள். அதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அண்ணன் சாப்பாட்டுக் கதைக்குப் போய்விட்டார். அவள் 'ம்' என்றாள். பெட்டி சீட்டைத் துப்பியது. எழுபத்தொன்று.

டாக்டர் கெட்டவர் இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். பன்னிரண்டாவது மாதம் கடைசி வாய்ப்பு. அப்போதும் நாற்பதுக்குக் கீழே வராவிட்டால் துறைமுகத்துக்கு எழுதியாக வேண்டும், அவளை நிரந்தரமாக வாசலில் கேட் பாஸ் எழுதும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு கிரேன் இல்லை.

வெளியே வந்ததும் ததேயுஸ் ஆறுதலாக நிறையப் பேசினார். கேட் பாஸ் வேலையில் மின்விசிறி உண்டு, காற்றுமழை இல்லை என்றார். சலேத்துக்கு அழுகையாக வந்தது. விடியற்காலையில் கூண்டுக்குள் ஏறி, கடலும் வானமும் ஒன்றாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு முதல் பெட்டகத்தைத் தூக்கும் அந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் வாழ்ந்தாள். அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

கடைசிப் பரிசோதனைக்கு முந்தின நாள் காலையில் பதினொரு துண்டுச் சீட்டையும் சாப்பாட்டு மேஜைமேல் வரிசையாக அடுக்கினாள். கிரேன்காரிக்கு எண்கள் புதிதா என்ன? கூண்டுக்குள்ளும் ஒரு பாரமானி உண்டு. கொக்கியில் தொங்குவது எத்தனை டன் என்று அது காட்டும். பாரமானி தாறுமாறாகக் காட்டினால் புதுசாக வந்தவர்கள் பாரமானியைத் தட்டிப் பார்ப்பார்கள். அனுபவசாலிகள் கீழே எட்டிப் பார்ப்பார்கள். கொக்கியில் வேறு எதுவோ மாட்டியிருக்கும்.

சலேத் எட்டிப் பார்த்தாள். அக்டோபரில் எண்பத்திரண்டு. அந்த மாதம் அவளுக்கு என்ன நடந்தது? ஒன்றுமே இல்லை, முதன்முதலாகத் தண்ணீர்த் தொட்டியில் ஏறி இறங்கிய மாதம், சந்தோஷமாக இருந்தாள். தேதியைப் பார்த்தாள். அண்ணனின் மனைவி, மோட்சம் மதினி, காய்ச்சலில் இறந்து சரியாக இரண்டு வருஷம் முடிந்த நாள். காலையில் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு நேரே ஓ.பி.க்கு வந்திருந்தார்கள்.

டிசம்பர் சீட்டைத் தேடி எடுத்தாள். அந்த மாதம் கிறிஸ்துமஸ் ஆர்டரால் அண்ணன் அடுப்பை விட்டு நகர முடியவில்லை. ஜுலைஹா வாசலில் கெஞ்சி அவளைத் தனியாக உள்ளே விட்டிருந்தாள். பேச வேறு ஆளில்லாததால் சலேத்தே பேசியிருந்தாள். முப்பத்தொன்று. அதன் குறுக்கே டாக்டர் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். துணையின்றி எடுத்தது, செல்லாது. கீழே பெட்டியே அச்சிட்ட ஒரு வரி: நோயாளியின் குரல் பொருந்தவில்லை.

சலேத் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மதினி இறந்தபோது ததேயுஸ் அழவில்லை. சவப்பெட்டி செய்யச் சொன்னது, சாமியாரிடம் பேசியது, வந்தவர்களுக்குக் காபி கொடுத்தது எல்லாம் அவரே. மூன்றாம் நாள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். என்ன மனுஷன்யா, மலை மாதிரி நிக்காரு என்று தெரு மெச்சியது. சலேத்தும் மெச்சினாள். அதை நினைக்க இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஜுலைஹாவைத் தேடிப் போனாள். காயல்பட்டினத்துப் பெண் ஜுலைஹா. ஒரு மணி நேரம் கேட்ட காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆறு நிமிஷத்தில் மாட்டிக்கொண்டவள். சலேத் சீட்டுகளை அவள் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டு, விஷயத்தை முழுதாக, வாயாலேயே சொன்னாள். ஜுலைஹா எழுந்துபோய், பெட்டி சேமித்து வைத்திருந்த குரல்பதிவைப் போட்டாள். அறை முழுக்க ததேயுஸின் குரல். அதில் சலேத் எங்குமே இல்லை.

“உங்க 'ம்' எல்லாத்தையும் இரைச்சல்னு கழிச்சிருக்கு,” என்றாள் ஜுலைஹா. அவள் முகம் வெளுத்துவிட்டது. “நாற்காலியில யார் அதிகம் பேசுறாங்களோ அவங்கதான் நோயாளின்னு இதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இதச் செஞ்ச ஊர்ல ஆளு தனியா வருவாங்க, அவங்களே பேசுவாங்க. நம்ம ஊர்ல யாரு அப்படி வாறா?”

“ஆம்பிளைக் குரலுன்னுகூடவா அதுக்குத் தெரியாது?”

“தெரியக் கூடாதுன்னுதான் சட்டம். பேரு, வயசு, ஆணா பெண்ணா ஒண்ணும் அதுக்குச் சொல்ல மாட்டோம். பாகுபாடு வந்துரும்னு பயந்து செஞ்சது. நல்ல எண்ணத்துலதான் செஞ்சாங்க.”

பிறகு ஜுலைஹா குரலைத் தாழ்த்தி ஒரு சுலபமான வழி சொன்னாள். கடைசிப் பரிசோதனைக்கு சலேத் வேறு யாரையாவது துணைக்குக் கூட்டிவரட்டும். பழைய பதிவில் கோளாறு என்று எழுதி, மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். சலேத் நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் போதும், கிரேன் கிடைத்துவிடும். யார் குரல் என்று எவருக்கும் தெரிய வேண்டாம். தெரிந்தால், அடுப்பும் நெருப்புதானே? எழுபத்தொன்று என்று ததேயுஸ் பெயரில் ஏறிவிட்டால் அவரை அடுப்படிக்குள் விட மாட்டார்கள்.

வழி நல்ல வழிதான். சலேத் வாய்க்கு வந்த சரியை விழுங்கினாள். எத்தனை மாதம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் தன் துக்கத்தையெல்லாம் தங்கையின் பெயரில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இந்த உலகத்தில் அதைக் கேட்ட ஒரே காது அந்தப் பெட்டியுடையது. அதையும் அழித்துவிட்டால்?

முஷ்டியை மடக்கிக் காட்டினாள். ஜுலைஹாவுக்கு அது புரிந்தது.

சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஜுலைஹாவின் கண்ணில் இன்னொன்று பட்டது. அக்டோபருக்குப் பிறகு எண் மெல்ல மெல்ல இறங்கியிருந்தது. எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது, எழுபத்தேழு என்று இப்போது எழுபத்தொன்று. அக்டோபரிலிருந்து நீங்கள் புதிதாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் என்றாள் சலேத். தினமும் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடை, கூட ஒருவர் நடந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். அண்ணன்தான் நடந்தார். அண்ணன்தான் பேசினார், மதினியைப் பற்றி, அவள் வைக்கும் மீன் புளிமுளக் குழம்பைப் பற்றி. இவள் கேட்டுக்கொண்டு வந்தாள். ஜுலைஹா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அன்று சாயங்கால நடையில் சலேத் எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னாள். ஒளிக்கவில்லை, நெருப்புச் சட்டத்தையும் சொன்னாள். வாழ்நாளில் அவள் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியதில்லை. ததேயுஸ் முதலில் சிரித்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

“எனக்கென்ன கிறுக்கா? ஒன்னய ஆளாக்கி வளத்தவன் நான். ஒரு டப்பா சொல்லுச்சுன்னு எங்கிட்டயே வந்து சொல்லுத?”

“நாளைக்கு நான் நாற்காலியில உக்காந்து பேசப் போறேண்ணே. என்னப் பத்தி மட்டும். ஒன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். அது ஒன் பாரம், நீதான் எறக்கணும்.”

அவர் வேகமாக முன்னால் நடந்து போய்விட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ததேயுஸ் தனக்கு வந்த பிறகும் தெரியாதவராக இருந்தார்.

மறுநாள் காலை ஓ.பி. வாசலில் சலேத் தனியாக நின்றாள். அண்ணன் வரமாட்டார் என்றே முடிவு செய்து, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடப் போனை எடுத்தபோது, வெள்ளைச் சட்டையும் கையில் மக்ரூன் பொட்டலமுமாக அவர் வந்து சேர்ந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. கூட வந்தது யாரு என்று சீட்டுக்காரர் கேட்டதற்கு, அண்ணன் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

உள்ளே சலேத் நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ததேயுஸ் ஸ்டூலைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் நின்றார். டாக்டர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். ஏதோ மாறியிருக்கிறது என்பது அவருக்கே தெரிந்தது. பின்னால் ஜுலைஹா, தன் ஆறு நிமிஷத்தை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தாள்.

“நான் சொல்லுதேன் டாக்டர்,” என்றாள் சலேத். குரல் முதலில் கொஞ்சம் கரகரத்தது, பிறகு தெளிந்தது.

குமரேசனின் கால் நசுங்கிய நாளைச் சொன்னாள். மூன்றாவது படியில் கை இறுகியதைச் சொன்னாள். எந்த வாரம் எந்த உயரம் ஏறினாள் என்பதையும், மணிக்கூண்டின் உச்சியில் நின்றபோது பயம் வந்ததையும், வந்த பயத்தை உட்கார வைத்துவிட்டு இறங்கியதையும் சொன்னாள். மாத்திரை தன்னைச் சொக்க வைப்பதையும் மறைக்கவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மூன்று நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது.

பெட்டி சீட்டைத் துப்பியது. இருபத்தொன்பது. கீழே அதே வரி: நோயாளியின் குரல் பொருந்தவில்லை.

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். எண் நன்றாக இருக்கிறது, ஆனால் குரல் பொருந்தாத எண்ணைச் சட்டப்படி ஏற்க முடியாது என்றார். பழைய குரல் யாருடையது என்று நிரூபணமாகாத வரைக்கும் பழைய எழுபத்தொன்றுதான் நிற்கும். சொல்லிக்கொண்டே துறைமுகத்துக்கு அனுப்பும் படிவத்தை இழுத்தார். ஜுலைஹா சலேத்தைப் பார்த்தாள். இப்போது சொன்னால் போதும். ஒரு விரலைச் சுவர்ப்பக்கம் நீட்டினால்கூடப் போதும்.

சலேத்தின் கை மடியில் முஷ்டியாக மடங்கி இருந்தது. அது அசையவில்லை. கூண்டும் கடலும் விடியற்காலையும் ஒரு படிவத்துக்கு அந்தப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தன. அவள் பேசவில்லை.

ததேயுஸ் அந்த முஷ்டியைப் பார்த்தார். பதினொரு வயதில், அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் இந்தப் பிள்ளை இப்படித்தான் கையை மடக்கிக்கொண்டு அழாமல் இருந்தாள். அன்றைக்கு அவளுக்காக அவர் பேசினார். இன்றைக்கு அவருக்காக அவள் பேசாமல் இருக்கிறாள்.

“எழுதாதீங்க டாக்டர்,” என்றார். “அது என் குரலு.”

டாக்டரின் பேனா நின்றது.

“பதினோரு மாசமா நான் வந்து சொல்லுதேன், மூணு மணிக்கு இவ முழிச்சிருக்கா முழிச்சிருக்கான்னு. அந்நேரத்துக்கு நான் எப்படிப் பாத்தேன்னு ஒருத்தராச்சும் கேட்டியளா?” மக்ரூன் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். “நான் தூங்கி மூணு வருசமாகப் போவுது டாக்டர். எம் பொண்டாட்டி செத்ததுலருந்து தூங்கல. அத யாருகிட்ட போய்ச் சொல்ல? நாந்தானே எல்லாருக்கும் சொல்லுத ஆளு.”

சலேத் எழுந்தாள். அண்ணனின் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். டாக்டர் மன்னிப்புக் கேட்பது ஐப்பசி மழையில் உப்பு விளைவது மாதிரி. ஆனால் அன்று விளைந்தது. இருவரிடமும் பெயர் சொல்லிக் கேட்டார். பிறகு, திரையைத் தன்னைவிட்டுத் திருப்பி வைத்துவிட்டு, பழக்கம் விடாமல் தன் முதல் கேள்வியைக் கேட்டார். கூட வந்தது யாரு?

“நாந்தான் டாக்டர். தங்கச்சி,” என்றாள் சலேத். “ஆனா நான் பேச மாட்டேன்.”

ததேயுஸ் பேசினார். ஒன்றரை மணி நேரம் பேசினார். வெளியே வரிசை முணுமுணுத்தது. ஜுலைஹா போய் சமாதானப்படுத்தி, மக்ரூனைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். நடுவில் அவர் அழுதார், மதினி இறந்தபோது அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து அழுதார். அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி பேசினார். எல்லாம் முடிந்து பெட்டி சீட்டைத் துப்பியபோது அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் ஜுலைஹா எடுத்தாள்.

ஐம்பத்தெட்டு. அறுபதுக்கு இரண்டு கீழே. அவர் பெயரில் எடுத்த இந்தப் புது எண்தான் இனிச் செல்லும், அடுப்பு தப்பியது. குரல் பொருந்துகிறது என்று பெட்டியும் ஒப்புக்கொண்டது, அதனால் சலேத்தின் இருபத்தொன்பதும் நின்றது.

அதற்குப் பிறகு நிலையத்தில் பழைய பதிவுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் போட்டுக் கேட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்றுத் தொண்ணூற்றேழு பேரின் சீட்டு கூட வந்தவருடையது. கணவனுக்காகப் பேசிய மனைவி, மகளுக்காகப் பேசிய அப்பா, மாமியாருக்காகப் பேசிய மருமகள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டனுப்பினார்கள். ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டார்கள். ஆறு நிமிஷம் நாற்பதாக நீண்டது. அதற்கு ஜுலைஹா சென்னை வரைக்கும் போய்ச் சண்டை போட்டாள் என்பது தனிக்கதை.

சலேத் திரும்பிப் போன அன்று காலை, ஏணியின் அடியில் குமரேசன் விந்தி விந்தி வந்து நின்றார். மூன்றாவது படியில் ஒரு நொடி நின்றாள். பிறகு ஏறினாள். மேலே கடலும் வானமும் வழக்கம்போல ஒன்றாகக் கிடந்தன. குமரேசன் கையை உயர்த்திச் சுழற்றினார். சலேத் முதல் பெட்டகத்தைத் தூக்கினாள், பாரமானி அதன் எடையைச் சரியாகக் காட்டியது, வேலிக்கு வெளியே நின்ற ததேயுஸ் பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் அது என் தங்கச்சி, அது என் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்காலியில் அண்ணனும் பக்கத்து நாற்காலியில் தங்கையும் உட்கார்ந்திருந்தபோது, பெட்டி ததேயுஸுக்கு முப்பத்தாறு என்று சீட்டுக் கொடுத்தது. இனிமேல் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார் டாக்டர். ஏதாவது சொல்லுங்களேன் என்று ஜுலைஹா கேட்டாள். ததேயுஸ் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று பஸ்ஸில் அவர் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனார். பக்கத்து ஸீட்டுக்காரியிடம் வீடு வரைக்கும் அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள் சலேத் மேரிதான்.